இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு வாசிக்கலாமா?

கேள்வி:

அண்ணே, வணக்கம். பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. எட்டுப் பேர் இருக்கும் மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் என்ற எலக்ட்ரானிக் தாளக் கருவி வாசிக்கிறேன், சில நிகழ்ச்சிகளுக்கு டிரம்ஸும் உண்டு. மாசியில் ஆரம்பித்தால் ஆடி முடியும்வரை கோயில் மேடைதான். மற்ற மாதங்களில் கல்யாண வரவேற்பு. மைக் செட் எங்களுடையது இல்லை, விழாக் கமிட்டி யாரைப் பேசியிருக்கிறதோ அவர்தான் வருவார். வாசிப்பது எங்களுக்கே கேட்பதற்காக என் பக்கத்தில் மானிட்டர் என்று ஒரு ஸ்பீக்கர் வைப்பார், சில ஊரில் அதுவும் இருக்காது. கேட்கவில்லை என்று சொன்னால் ஏற்றுவார், உடனே கீயென்று ஊளையிடும் ஹவ்லிங் வரும், பாடகர் திரும்பி என்னை முறைப்பார். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் மதியம்வரை காதுக்குள் ஙொய்ங்கென்று ஒரு சத்தம் இருந்துகொண்டே இருக்கிறது. சென்னைக் குழுக்களில் எல்லாரும் மானிட்டருக்குப் பதிலாகக் காதுக்குள் சொருகும் இன்-இயர் போட்டு வாசிப்பதை வீடியோவில் பார்த்தோம். எங்களிடம் 25,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. எட்டுப் பேருக்கும் வாங்கிவிடலாமா? என்னிடம் நல்ல புளூடூத் இயர்பட்ஸ் இருக்கிறது, நான் மட்டும் அதையே போட்டுக்கொள்ளலாமா? எங்கள் மூத்த பாடகர், "காதை அடைத்துக்கொண்டால் ஜனங்க கை தட்டுவது எப்படிக் கேட்கும்" என்கிறார். அவர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது.

பதில்:

தம்பி, வணக்கம். ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். மறுநாள் மதியம்வரை காதில் சத்தம் கேட்கிறது என்றால் அதைக் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் அடிவாங்கியிருக்கின்றன. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிடும், ஆனால் ஒவ்வொரு தடவையும் முழுசாகத் தெளியும் என்று சொல்ல முடியாது. செத்துப்போன செல் மறுபடி முளைப்பதில்லை. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்புக்கான நியோஷ் நிறுவனம் ஒரு கணக்குப் போட்டிருக்கிறது: 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிக்கொண்டே போகும். 94 டெசிபல் என்றால் 1 மணி நேரம். 100 என்றால் 15 நிமிடம். பக்கத்தில் டிரம்ஸ், காலடியில் ஏற்றிவிட்ட மானிட்டர், மேடை ஓரத்தில் பேஸ் பாக்ஸ் என்று இருக்கும் இடத்தில் 100 எல்லாம் சர்வசாதாரணம். நீங்கள் 15 நிமிடத்தில் இறங்கிவிடுகிற ஆள் இல்லையே.

எனவே இன்-இயர் வாங்குவதற்கு முன்னால் ஒரு ஆடியோகிராம், அதாவது காது கேட்கும் திறனுக்கான சோதனை, எடுத்துவிடுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. சத்தத்தால் வரும் குறை முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் தலைகாட்டும். எதிரில் பேசுபவர் குரல் நன்றாகவே கேட்பதால் நமக்கு ஒன்றும் தெரியாது, சோதனைத் தாளில் மட்டும் அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். நிகழ்ச்சிக்கு மறுநாளே போகாதீர்கள். ஓரிரு நாள் காது ஓய்ந்தபிறகு போனால்தான் உண்மையான நிலை தெரியும்.

அடுத்து, புளூடூத் இயர்பட்ஸ். வேண்டாம். அது எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் வேண்டாம். சாதாரண புளூடூத்தில் சத்தம் காதுக்கு வந்து சேர 150 முதல் 250 மில்லி விநாடி ஆகிறது. 120 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 500 மில்லி விநாடி, அதில் கால் பங்கு 125. அதாவது நீங்கள் பேடில் அடித்த அடி, கால் அடியைத் தாண்டிய பிறகுதான் உங்கள் காதில் விழும். ரெண்டு பாட்டு வாசித்தால் குழுவே தாளம் தப்பி நிற்கும். "படம் பார்க்கும்போது உதடும் பேச்சும் சரியாகப் பொருந்துகிறதே" என்று கேட்பீர்கள். போன் அந்தத் தாமதத்துக்கு ஏற்றபடி படத்தையும் பின்னுக்குத் தள்ளிக் காட்டுகிறது. மேடையில் உங்கள் கையை யார் பின்னுக்குத் தள்ளுவது?

சரி, இன்-இயருக்கு வருவோம். சென்னைக் குழுவின் வீடியோவில் நீங்கள் பார்த்தது காதில் இருந்த பொருளை. படத்தில் வராதது, மேடை ஓரத்தில் மானிட்டருக்கென்றே தனி மிக்ஸரை (எல்லா மைக்கும் கருவியும் வந்து கலக்கும் பெட்டி) வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த ஆள். அவர் இல்லாமல் காதில் இருக்கும் பொருளுக்கு வேலை இல்லை. நிறையக் குழுக்கள் இந்த இடத்தில்தான் காசை விடுகின்றன. எட்டு ஜோடி வாங்கிக்கொண்டு போய் மேடையில் நின்றபிறகுதான், அதை எங்கே சொருகுவது என்ற கேள்வியே வருகிறது.

நம் ஊர்ப் பெரிய மேளத்தில், நாயனத்துக்குச் சுருதி கொடுக்கும் ஒத்துக்காரர் எங்கே நிற்பார் என்று யோசித்துப் பாருங்கள். நாயனக்காரரை ஒட்டியபடி. தவில் என்னதான் முழங்கினாலும் நாயனக்காரர் காதைவிட்டுச் சுருதி போய்விடக் கூடாது. கூட்டத்தின் கடைசியில் நிற்பவருக்கு ஒத்து கேட்கிறதா இல்லையா என்பது அப்புறம். இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் சுருதிப் பெட்டி வந்துவிட்டது, வேலை அதேதான். இன்-இயரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். வெளியே ஜனங்களுக்குப் போகும் சத்தத்தை அப்படியே காதுக்குள் கொண்டுவருவதற்கு இல்லை அது. வாசிப்பவருக்கு எது தப்பக் கூடாதோ அது மட்டும், காதுக்குப் பக்கத்தில், குறைந்த சத்தத்தில்.

அதற்கு மிக்ஸரில் உங்களுக்கென்று ஒரு தனி வழி வேண்டும். ஒவ்வொரு சானலிலும் ஆக்ஸ் என்று போட்ட திருகுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஆக்ஸ் என்றால் ஒரு தனி மிக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ப்ரீ-ஃபேடராக இருந்தாக வேண்டும், அதாவது வெளிச்சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் என்ற தள்ளுக் கட்டைக்கு முன்பே பிரிந்து வர வேண்டும். போஸ்ட்-ஃபேடராக இருந்தால், மைக் செட்காரர் வெளியே பாடகர் குரலைக் கொஞ்சம் இறக்கும்போதெல்லாம் உங்கள் காதிலும் இறங்கும், வெளியே பேடை ஏற்றினால் உங்கள் காதில் இடி விழும். சில மிக்ஸர்களில் இதற்கு ஒரு பொத்தான் இருக்கும். பல சின்ன மிக்ஸர்களில் முதல் ஆக்ஸ் ப்ரீயாகவும் கடைசி ஆக்ஸ் எக்கோவுக்குப் போகும் போஸ்டாகவும் இருக்கும். அந்த எக்கோ ஆக்ஸில் போய்ச் சொருகிவிட்டு, "இன்-இயரே சரியில்லை" என்று கழற்றி வைத்தவர்கள் உண்டு.

இன்னொன்று, மிக்ஸருக்கு வராத கருவி உங்கள் காதுக்கும் வராது. திறந்த காதில் டோலக் பக்கத்திலிருந்து தானாகவே கேட்டுக்கொண்டிருக்கும். அடைத்த காதில் அதற்கு ஒரு மைக் வைத்து, அது உங்கள் ஆக்ஸிலும் ஏறியிருந்தால்தான் உண்டு. டிரம்ஸுக்குக் காலால் அடிக்கும் கிக்கில் மட்டும் ஒரு மைக் வைக்கும் மேடைகள் நம் பக்கத்தில் ஏராளம். அப்படிப்பட்ட நாளில் ஸ்நேரும் சிம்பலும் கம்பளிக்குள்ளிருந்து கேட்பதுபோல மங்கித்தான் கேட்கும். மேலே ஒரு ஓவர்ஹெட் மைக் கேளுங்கள்.

மைக் செட்காரரை முந்தின நாளே நீங்களே போனில் பிடியுங்கள். ஆக்ஸ் எத்தனை, அதில் எது சும்மா இருக்கிறது, வெளியே வருவது மூன்று முள் உள்ள கேனன் பின்னா, கிட்டார் ஒயரில் இருக்கும் ஒற்றைக் குச்சி பி-38 பின்னா என்று மூன்று கேள்வி போதும். கமிட்டிக்காரர் மூலமாகச் சொல்லி அனுப்பாதீர்கள். நீங்கள் ஒரு ஆக்ஸ் கேட்டது, "உன் செட் சரியில்லையாம்" என்று போய்ச் சேரும். அதற்கப்புறம் அன்று இரவு உங்களுக்கு எதுவும் கிடைக்காது. "மேடையில் ஒரு மானிட்டர் குறைகிறது, உங்களுக்கும் ஹவ்லிங் தொல்லை இல்லை" என்று அவருக்கு என்ன லாபமோ அதைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். அவர்களுக்கும் ஹவ்லிங் என்றால் கமிட்டியிடம் கெட்ட பெயர்தானே.

இப்போது உங்கள் 25,000. எட்டுப் பேருக்கு வாங்காதீர்கள். ரெண்டு பேருக்கு வாங்குங்கள், உங்களுக்கும் கீபோர்டுக்காரருக்கும். ரெண்டு பேருமே உட்கார்ந்த அல்லது நின்ற இடத்தைவிட்டு நகர்வதில்லை. மைனஸ் ஒன் டிராக்கும் (பாடகர் குரல் இல்லாத பின்னணி இசை) கிளிக்கும் (தாளம் தப்பாமல் காட்டும் டிக் டிக் சத்தம்) ஓட்டுவது கீபோர்டுக்காரர்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கிளிக் உங்கள் ரெண்டு பேர் காதில் நிலையாக இருந்தால் மற்ற ஆறு பேரும் உங்களைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ரிதம் பேடுக்குச் சொந்தச் சத்தமும் கிடையாது. மானிட்டர் இல்லாத ஊரில் நீங்கள் கிட்டத்தட்ட ரப்பரைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். குழுவில் இன்-இயர் முதலில் தேவைப்படுவது உங்களுக்குத்தான்.

ரெண்டு பேருக்கும் ஒயர் உள்ளதே போதும். இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்ன ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் ஆளுக்கு ஒன்று. மிக்ஸரிலிருந்து உங்கள் இருக்கைவரை வர நீளமான, நல்ல கேபிள். கேனனையும் பி-38-ஐயும் ஒன்றுக்கொன்று மாற்றும் பின்கள் இரண்டு மூன்று. அப்புறம் காதில் மாட்டுவது. வாங்கும்போது ஆம்ப்ளிஃபயரில் சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன். இதெல்லாம் வாங்கியும் உங்கள் தொகையில் மிஞ்சும். மிஞ்சியதைத் தொடாமல் வையுங்கள்.

வாங்குவதற்கும் முன்னால் காசில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். உங்கள் பேடின் பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலான பேடுகளில் ஹெட்போன் துளை இருக்கும், பலவற்றில் மிக்ஸ் இன் என்று இன்னொரு துளையும் இருக்கும். மிக்ஸரின் ஆக்ஸை அந்த மிக்ஸ் இன்னில் விட்டு, ஹெட்போன் துளையில் ஒயர் இயர்போனைச் சொருகினால் பேடும் பாட்டும் சேர்ந்து கேட்கும். ஆனால் சில பேடுகளில் மிக்ஸ் இன்னில் விட்டது ஹெட்போனுக்கு மட்டும் போகாமல் வெளியே போகும் லைனிலும் கலந்துவிடும். அப்படிக் கலந்தால் பாடகர் குரல் மிக்ஸருக்குப் போய், உங்கள் பேடுக்கு வந்து, மறுபடி மிக்ஸருக்கே போய் ஒரே ஊளையாகிவிடும். வீட்டில் போனிலிருந்து ஒரு பாட்டை உள்ளே விட்டு, வெளியே வருகிறதா என்று பார்த்துவிட்டு மேடைக்கு எடுத்துப் போங்கள்.

வயர்லெஸ் வேண்டுமே என்று தோன்றும், பார்க்க நன்றாக இருக்கும். இப்போதைக்கு ஆசைப்படாதீர்கள். யாராவது பழைய செட் மலிவாகத் தருகிறேன் என்றால் அது எந்த அலைவரிசை என்று முதலில் கேளுங்கள். 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2022 ஏலத்தில் 5ஜிக்குப் போய்விட்டது. அந்தப் பக்கம் வேலை செய்யும் பழைய மைக்கும் இன்-இயரும் செல்போன் டவருக்குப் பக்கத்தில் கரகரக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் வரும் சின்னச் செட்டுகளுக்கு வேறு தொல்லை. வைஃபையும் புளூடூத்தும் நடமாடும் அதே தெருவில்தான் அவையும் நடக்கின்றன. சாயங்காலம் காலி மைதானத்தில் ஒத்திகை பார்க்கும்போது பிரமாதமாக இருக்கும். ராத்திரி ரெண்டாயிரம் பேர் பையில் ரெண்டாயிரம் போனோடு வந்து உட்கார்ந்ததும் விட்டு விட்டுக் கேட்கும். பாடகருக்கு ஒருநாள் வயர்லெஸ் வாங்கத்தான் வேண்டியிருக்கும். உட்கார்ந்து வாசிப்பவருக்கு ஒயரைப்போல நம்பகமானது எதுவும் இல்லை.

மிச்சம் வைத்த பணம் எதற்கு என்றால், ரெண்டு சீசன் கழித்துக் குழுவுக்கென்று ஒரு சின்ன டிஜிட்டல் மிக்ஸர் வாங்கத்தான். பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 மாதிரி ஒன்று. ஃபேடர் எதுவும் இருக்காது, ஒரு பெட்டி அவ்வளவுதான். 16 மைக் உள்ளே போகும், 6 ஆக்ஸ் வெளியே வரும், ஒவ்வொருவரும் தன் மிக்ஸைத் தன் போனிலேயே ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். ஆறு ஆக்ஸ் என்றால் மோனோவில் ஆறு பேர், ஸ்டீரியோ கேட்டால் மூன்று பேர்தான். அதோடு வரும் வைஃபையை நம்பாமல் தனியாக ஒரு ரூட்டர் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா மைக்கும் உங்கள் பெட்டிக்குள் வந்து, மைக் செட்காரருக்கு இடது வலது என்று ரெண்டு லைன் மட்டும் போகும். தினம் ஒரு ஊர், தினம் ஒரு மிக்ஸர் என்று அலைய வேண்டியதில்லை. நேற்று அம்மாபேட்டையில் வைத்த மிக்ஸ் இன்று வலங்கைமானிலும் அப்படியே இருக்கும். ஆனால் அன்றிலிருந்து வெளிச்சத்தத்துக்கும் பாதிப் பொறுப்பு உங்களுடையது. கூட்டத்தின் நடுவில் நின்று கேட்டுச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் அந்தக் கட்டத்துக்குப் போகாதீர்கள்.

காதில் மாட்டுவதைப் பற்றி. உள்ளே எத்தனை டிரைவர் (குட்டி ஸ்பீக்கர்), எந்தக் கம்பெனி என்பதைவிட முனை உங்கள் காதில் ஒட்டி அடைக்கிறதா என்பதே முக்கியம். நுரை முனை நன்றாக உட்கார்ந்தால் வெளிச்சத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் அடைத்துவிடும், 100 இருக்கும் மேடை 80 ஆகிவிடும். அதற்குமேல் உங்களுக்கு வேண்டியதை மெல்லச் சேர்த்துக்கொள்ளலாம். நுரையை விரலால் உருட்டி ஒல்லியாக்கி, மறுகையால் காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுத்தபடி உள்ளே வைத்து, அது விரியும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். ஒயரைக் காதுக்கு மேலே சுற்றிப் பின்னால் இறக்குங்கள். பேஸ் கிட்டார் மெலிந்து தகரம்போலக் கேட்டால் ஈக்வலைசரைத் தொடாதீர்கள், காற்று கசிகிறது என்று பொருள், முனையின் அளவை மாற்றுங்கள். ரெண்டு காதின் துளையும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை, இடதுக்கு ஒன்றும் வலதுக்கு ஒன்றுமாக வைத்தால் தப்பில்லை. பின்னாளில் கையில் பணம் இருந்தால் காது கேட்கும் கருவி விற்கும் இடங்களில் அச்சு எடுத்து, உங்கள் காதுக்கென்றே செய்துகொள்ளலாம். அல்டிமேட் இயர்ஸ் என்ற கம்பெனியே அப்படிப் பிறந்ததுதான். 1995-இல் ஜெர்ரி ஹார்வி என்ற ஒலிப் பொறியாளர், அலெக்ஸ் வான் ஹேலன் என்ற டிரம்ஸ்காரரின் காதுக்காகச் செய்ததில் தொடங்கியது அது.

காதை அடைத்துவிட்டால் காது பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். இயர்போனும் 110 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும், அதுவும் செவிப்பறைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு. குறைத்து வைத்துத் தொடங்குங்கள். முதல் பாட்டில் பத்தாததுபோல இருக்கும், மூன்றாவது பாட்டில் பழகிவிடும். ஏதாவது கேட்கவில்லை என்றால் அதை ஏற்றுவதற்கு முன்னால் வேறு எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள். உங்களுக்குக் கிளிக், பேஸ், கீபோர்டு, பாடகர் குரல், கொஞ்சம் பேட் இருந்தால் போதும். கோரஸும் புல்லாங்குழலும் இல்லாவிட்டால் உங்கள் தாளம் ஒன்றும் கெட்டுப்போகாது.

ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு மற்றதைத் தோளில் தொங்கவிடும் பழக்கம் நம் மேடைகளில் நிறைய. கண்டிப்பாக வேண்டாம். திறந்த காது மேடைச் சத்தம் முழுவதையும் வாங்குகிறது. அந்தச் சத்தத்தோடு போட்டி போட அடைத்த காதில் நாம் ஏற்றிக்கொண்டே போவோம். ரெண்டும் கெடும். ரெண்டு காதிலும் ஒரே சத்தம் கேட்டால் மூளை அதைக் கூட்டித்தான் எடுத்துக்கொள்கிறது, அதனால் குறைந்த அளவே போதுமானதாக இருக்கும். ஒன்றைக் கழற்றியதும் அந்த லாபம் போய்விடுகிறது.

லிமிட்டர் ஏன் என்றேன் அல்லவா? நம் ஊர்த் திருவிழாவில் நடு நிகழ்ச்சியில் கரண்ட் போவதும் ஜெனரேட்டர் ஓடுவதும் புதிதில்லை. மிக்ஸர் அணைந்து எரியும் அந்த நொடியில் ஸ்பீக்கரில் டொம்மென்று ஒன்று வரும். மானிட்டரில் வந்தால் திடுக்கிட்டுப் போவோம், காதுக்குள் வந்தால் நிலைமை வேறு. மிக்ஸருக்கு ஒரு யுபிஎஸ் இருந்தால் பாதித் தொல்லை தீரும், மைக் செட்காரரிடம் கேட்டுப் பாருங்கள். மிக்ஸரைப் போட்ட பிறகு மாட்டுங்கள், அணைப்பதற்கு முன் கழற்றுங்கள். ஓடும்போது யாரும் எந்தப் பின்னையும் பிடுங்கக் கூடாது என்று குழுவில் சொல்லி வையுங்கள்.

அறுவடை முடிந்த வயலிலும் குளக்கரையிலும் மேடை போடும் ஊர்க்காரர்கள் நாம், தரை ஈரமாகத்தான் இருக்கும். ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி இறக்கியிருக்கிறார்களா, மேடைக்கு வரும் லைனில், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மைக்கைத் தொட்டால் சுரீரென்கிறது என்று பாடகர் சொன்ன மேடையில், அது சரியாகும்வரை ஒயர் இன்-இயரை மாட்டவே மாட்டாதீர்கள்.

இனி உங்கள் மூத்த பாடகர். அவர் சொல்வது முழுக்க நியாயம். இன்-இயருக்கு மாறியவர்கள் முதலில் சொல்லும் குறையே, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோல இருக்கிறது என்பதுதான். இதற்கு மேடையின் ரெண்டு ஓரத்திலும் கூட்டத்தைப் பார்த்து ஓரத்துக்கு ஒரு மைக் வைத்து, அதை இன்-இயருக்கு மட்டும் லேசாக விடுவார்கள், வெளியே விடமாட்டார்கள். கைதட்டலும் விசிலும் வரும். பாட்டுக்கு இடையில் கொஞ்சம் ஏற்றி, பாட்டு தொடங்கியதும் இறக்கினால் இன்னும் நல்லது. ஆக்ஸுக்கே அலையும் இன்றைய நிலையில் இது உங்களுக்கு ரெண்டாவது கட்டம்தான்.

ஆனால் கைதட்டலைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. சாமி புறப்பாடு. பாட்டு உச்சத்தில் இருக்கும்போது பல்லக்கு மேடைக்கு எதிரே வந்துவிடும், வேட்டு வெடிக்கும், நாயனமும் தவிலும் கேட்கும், எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். காதை அடைத்துக்கொண்டு குனிந்து வாசிக்கும் ரிதம்காரர் மட்டும் இன்னும் நாலு அடி வாசித்துக்கொண்டிருப்பார். கமிட்டித் தலைவர் மேடையேறுவது, பொன்னாடை, சீட்டில் எழுதி வரும் நேயர் விருப்பம், பாடகர் கடைசி நிமிடத்தில் சுருதி மாற்றச் சொல்வது, இவை எல்லாமே இதுவரை உங்களுக்குத் திறந்த காதில் வந்துகொண்டிருந்தன. அதற்கு, குழுவுக்குள் மட்டும் பேசிக்கொள்ள, ஒரு டாக்பேக் மைக் வேண்டும். சுவிட்ச் உள்ள சாதாரண மைக் ஒன்றைக் கீபோர்டுக்காரர் பக்கத்தில் வைத்து, இன்-இயர் ஆக்ஸில் மட்டும் ஏற்றச் சொல்லுங்கள். அதன் ஃபேடர் முழுக்கக் கீழே இருக்கிறதா என்று ரெண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மேடையில் நாம் ஒருத்தரையொருத்தர் என்ன சொல்லித் திட்டிக்கொள்கிறோம் என்பது அம்மன் சன்னதிவரை கேட்கக் கூடாது.

பாடகரை வற்புறுத்தவும் வேண்டாம். காதை அடைத்துக்கொண்டு பாடினால் சொந்தக் குரல் மண்டைக்குள் குமுகுமுவென்று கேட்கும். இத்தனை வருடம் திறந்த காதில் பாடியவருக்கு அது பெரிய அவஸ்தை. தன் குரல் அதிகமாகக் கேட்டால் அடக்கிப் பாடிவிடுவார், குறைவாகக் கேட்டால் கத்திவிடுவார். அவருக்கு மானிட்டரே இருக்கட்டும். நீங்களும் கீபோர்டுக்காரரும் இன்-இயருக்குப் போனாலே மேடையில் ரெண்டு மானிட்டர் குறைகிறது. அவருடையதை ஹவ்லிங் இல்லாமல் இன்னும் கொஞ்சம் ஏற்ற இடம் கிடைக்கும், அவர் உங்களை முறைப்பதும் குறையும். ஒரு சீசன் உங்களைப் பார்த்துவிட்டு அவரே கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

முதல் தடவையைக் கோயில் மேடையில் வைத்துக்கொள்ளாதீர்கள். நாலு ஒத்திகை பாருங்கள், பிறகு ஒரு கல்யாண வரவேற்பில் போடுங்கள். டைல்ஸ் தரையும் வழவழப்பான சுவரும் இருக்கும் மண்டபத்தில் சத்தம் சுற்றிச் சுற்றி வந்து குழப்பும், வித்தியாசம் உங்களுக்கு அங்கேதான் பளிச்சென்று தெரியும்.

வியர்வையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துப் புழுக்கத்தில் நுரை முனை சீக்கிரம் ஊறிப்போகும், மாற்று முனை எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள். அரிசியில் போட்டு வைக்காதீர்கள், அந்தத் தூள் வடிகட்டியை அடைத்துவிடும். ஒருவர் முனையை இன்னொருவர் மாட்டக் கூடாது, காதில் பூஞ்சை வர அது போதும். காதில் அரிப்போ நீரோ இருக்கும் நாளில் மானிட்டரோடு சமாளித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நிகழ்ச்சிக்கு வரும் மைக் செட்காரரின் மிக்ஸர் என்ன மாடல், உங்கள் பேடும் எந்த மாடல் என்று எழுதி அனுப்புங்கள். முடிந்தால் ரெண்டின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினால், எந்தத் துளையிலிருந்து எதற்கு ஒயர் போக வேண்டும், எந்தப் பின் வாங்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன். அதுவரை கடைக்குப் போகாதீர்கள்.